நான்காவது பனியன்

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அருள்குமார், கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் குடும்பத்துக்கு ஒரே மஞ்சள் நிறத்தில் பனியன் வெட்டுவார். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமலிருக்க அவர் கண்ட வழி அது.

2005 கோடையில், சரக்கு அனுப்புவது பற்றிக் கைப்பேசியில் பேசுவதற்காக, ஐந்து வயது மகள் ஷீபாவின் கையை ஒரு நிமிடம் விட்டார். அலை அவளைக் கொண்டுபோயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மகனின் பிடிவாதத்தால் மீண்டும் கடற்கரைக்குப் போக முடிவாயிற்று. தரங்கம்பாடியில் ஒரு விடுதியில் படகுச் சவாரி இருந்தது. மற்றொன்றில் ஊஞ்சல் மட்டும்.

“ஊஞ்சலே போதுமுங்க,” என்றாள் மனைவி கோமளா.

“ஊஞ்சலாட அத்தனை தூரம் போகோணுமாம்மா?” என்றான் மகன்.

அருள்குமார் தலைகுனிந்தபடி ஊஞ்சல் விடுதியில் மூவருக்கு இடம் சொன்னார். மூன்று பனியன்களைத் தம் கையாலேயே வெட்டினார். தைத்து வந்தவை நான்கு.

“நீங்க வெட்டிக் கொடுத்ததைத்தானுங்க மாஸ்டர் தெச்சேன்,” என்றார் டெய்லர் பொன்னுச்சாமி.

நான்காவதன் கழுத்து லேபிளில், ஏழு வயது அளவு என்றிருந்தது.

அதையும் மடித்துப் பெட்டியில் வைத்தார். கைப்பேசியை வீட்டிலேயே விட்டார். பேருந்தில் ஏறியது முதல் கடல் வரும்வரை, அவருடைய வலக்கை, ஒரு சிறு கையைப் பிடித்திருப்பதுபோல் மூடியே இருந்தது.