ஒன்றாம் பிளாட்பாரத்து மாமியார்

"யாரைக் கேட்டு பாசஞ்சரை ஒண்ணாம் பிளாட்பாரத்துல விட்டீங்க? அது எக்ஸ்பிரஸோட இடம்!" போனில் ஸ்டேஷன் மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

வண்டிகளுக்குப் பிளாட்பாரம் ஒதுக்கும் கன்ட்ரோலர் அசரவில்லை. ஒன்றாம் பிளாட்பாரத்தில் இறங்கினால் நேரே வாசல். பாசஞ்சரை வழக்கமாக விடும் பன்னிரண்டாம் பிளாட்பாரம் என்றால் நாற்பத்தெட்டுப் படி ஏறி இறங்க வேண்டும். பாசஞ்சரில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள். அவர்களுக்காக அவர் எழுதிய மூன்று மனுக்களும் ஸ்டேஷன் மாஸ்டர் மேசையில்தான் தூங்கிக்கொண்டிருந்தன.

"சார், புதுசா வந்திருக்கிற ஜெனரல் மேனேஜரோட மாமியார் தினமும் அதுலதான் வர்றாங்களாம். வெளியில காட்டிக்க மாட்டாங்களாம்."

புலி பூனையானது. "அடடா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எக்ஸ்பிரஸ் கிடக்குது, அதைப் பன்னிரண்டுல தள்ளுங்க!"

அதற்குப் பிறகு ஒரு மாதம், பாசஞ்சரில் வந்த ஒரு முழங்கால்கூடப் படி ஏறவில்லை.

இன்று காலை ஜெனரல் மேனேஜரே கன்ட்ரோலரைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க ஸ்டேஷன் மாஸ்டர் பதவி உயர்வு கேட்டு எழுதியிருக்கார். என் மாமியாரைத் தினமும் கைத்தாங்கலா இறக்கி, தன் ரூம்ல உட்கார வச்சு, காபி கொடுத்து அனுப்புறாராம். 'நீ எனக்குப் பிள்ளை மாதிரிப்பா'ன்னு அவங்க கண் கலங்கினாங்களாம். நிஜமா?"

"எனக்கு... தெரியாது சார். ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேய்யா!"