பலகையில் இல்லாத பெயர்

வடிவேலுவின் காய்ச்சலும் வறட்டு இருமலும் இதுவரை பார்க்காத ஏதோ வைரஸ் என்று முதலில் சந்தேகித்தது, அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு டாக்டர் தாரணிதான். அவனை வைத்திருந்த தனி அறைக்கான விதிகளையும் அவளே வகுத்தாள். கவச உடையில் முகம் தெரியாது. அதனால் உள்ளே போகிறவர்களின் பெயரை வெளியே பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொருவராக வெளியே வரும்போது நர்ஸ் கயல் அதை அழிப்பாள். பலகையில் பெயர் இல்லாத யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது.

அன்று காலை தாரணி உட்பட மூன்று பேர் உள்ளே போனார்கள். மற்ற இருவரும் வெளியேறிய பிறகு தாரணி உள்ளிருந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

கயல் பலகையைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது.

"தாரணி மேடம் அப்பவே வெளியே வந்துட்டாங்களே. நீங்க யாரு?"

"நான்தான் தாரணி. கதவைத் திற, கயல்."

"பேர் இல்லாம திறக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

படுக்கையிலிருந்து வடிவேலு தலையைத் தூக்கினான். "இப்பதானே போனீங்க மேடம். திரும்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

கண்ணாடிக்கு அப்பால், தாரணியின் அதே முகத்தோடு, தாரணியின் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருத்தி வறட்டு இருமலோடு லிஃப்டை நோக்கி நடந்தாள். லிஃப்டில் நல்ல கூட்டம். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி நின்று அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.