ஏழாம் நம்பர் ரூம்

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அரியலூர்ல லாட்ஜ்ல தங்கியிருந்தாருங்களா?"

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த சுமதி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவருக்கு ஐம்பது வயசிருக்கும். கையில் மஞ்சப்பை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. முன்னே பின்னே பார்த்த ஆளில்லை.

"இல்லீங்களே. சிமென்ட் ஃபேக்டரிக்கு வயரிங் வேலையா போனாரு. அங்கேயே ஷெட்ல படுத்துக்கிட்டேன்னுதான் சொன்னாரு."

"இல்லீங்கம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ். ஏழாம் நம்பர் ரூம். மூணு நாள் தங்கியிருக்காரு. போன் எடுக்கலன்னு உங்க ஊரு வேப்பந்தட்டைக்கே போனேன். பக்கத்து வூட்ல, பெரம்பலூர்ல சேத்திருக்காங்கன்னு சொன்னாங்க."

டீ வாங்கிக்கொண்டு வந்த சுமதியின் அண்ணன் அரியமுத்து காதில் லாட்ஜும் ரூமும்தான் விழுந்தது.

"யோவ், யாருய்யா நீ? எங்க மாப்பிள்ளை உள்ள உசுருக்குப் போராடிக்கிட்டு கெடக்காரு. இப்ப வந்து லாட்ஜுல தங்குனாரு, ரூம் போட்டாருன்னு கதை கட்டுறியா?"

"தப்பா எதுவும் சொல்லலீங்க. நான் டாக்டரைப் பாக்கணும்..."

"மொதல்ல எடத்தைக் காலி பண்ணு!"

அவர் நர்ஸிடம் கேட்டு, நேராக டாக்டர் ரூமுக்குப் போய்விட்டார்.

மூன்று நாளாக ஊசிக்கு மேல் ஊசி. புருஷன் இளையபெருமாளுக்குக் காய்ச்சல் துளியும் இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் சுமதியின் முகத்தைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டுவிட்டார். அதையே தாங்க முடியவில்லை. இப்போது இது வேறு. எதற்காக ஷெட் என்று பொய் சொன்னார்?

பத்து நிமிஷத்தில் டாக்டர் பிரவீணா வேகமாக வந்தார்.

"சுமதி, மருந்தை மாத்துறேன்."

"அந்தாளு ஏதாச்சும் சொன்னாருங்களா டாக்டர்?"

"நல்ல வேளை, சொன்னாரு. அந்த லாட்ஜ்ல தங்கின ஒருத்தர் திருச்சியில இதே மாதிரி நிமோனியாவோட இருக்காராம். லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி. கழுவாத தண்ணித் தொட்டியில வளரும். ஷவர்ல குளிக்கும்போது சாரலோட சேர்ந்து மூச்சுல உள்ள போயிடும்."

"அப்ப மூணு நாளா போட்ட ஊசி?"

"அது இதுகிட்ட எடுபடாதும்மா. இந்தக் கிருமி நம்ம உடம்பு செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும். அந்த மருந்து அங்க போய்ச் சேராது. இப்ப போடப்போற லெவோஃப்ளாக்சசின் உள்ள போய் வேலை செய்யும். யூரின் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

அரியமுத்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தான். "நமக்கும் ஒட்டிக்குமா டாக்டர்?"

"ஆளுகிட்டேருந்து ஆளுக்குத் தொத்தாது. பயப்படாதீங்க."

ஒரு அடி முன்னால் வந்தான்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. அதே கிருமிதான். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே நினைவு தெளிந்ததும் இளையபெருமாள் கேட்ட முதல் கேள்வி:

"சுமதி, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் சொல்லிட்டு வந்தியா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கஞ்சியை ஊட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, ஷெட்ல தங்கினேன்னுதானே சொன்னீங்க?"

"மொத நாளே பாம்பு வந்துடுச்சு. உங்கிட்ட சொன்னா அப்புறம் வெளியூர் வேலைக்கே வுட மாட்டே. அதான் லாட்ஜுக்குப் போனேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த மனுஷன் மட்டும் வரலன்னா இவரு இல்ல. அவரைப் போய் வெரட்டி வுட்டியே."

"அட நீ வேற. அவன் என்ன நம்ம மேல பாசத்துலயா வந்தான்? எதிர் லாட்ஜ்காரனா இருக்கும். தொழில் போட்டி. இந்தச் சாக்குல அந்த லாட்ஜை இழுத்து மூடிடலாம்னு பாக்குறான்."

"எதுவா இருந்தா என்ன? உசுரு பொழைச்சிருக்கு."

அன்றைக்கு வந்தவர் டாக்டரிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுமதி அதை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஏழாம் நம்பர் ரூம்காரரோட சம்சாரம் பேசுறேன். அவரு இப்பதான் எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு."



"ரொம்ப சந்தோஷம்மா. திருச்சிக்காரரும் தேறிட்டாரு. நான் இப்ப ஜெயங்கொண்டத்துல இருக்கேன். அந்த வாரம் தங்குனவங்கள்ல இந்த ஊர்க்காரர் ஒருத்தரைத்தான் இன்னும் பாக்கல. அவருக்கும் காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அரியமுத்து போனைப் பிடுங்கினான்.

"இந்தாங்க, அன்னைக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு, தொட்டியைக் கழுவாம ஊர்ச்சனத்தையெல்லாம் படுக்க வெச்சானே, அந்த லாட்ஜ் ஓனர், அவனைச் சும்மா வுடக் கூடாது. கேஸ் போடப் போறேன். அவன் பேரு தெரிஞ்சா சொல்லுங்க."

"எழுதிக்குங்க தம்பி. தர்மராஜ். ஹெல்த் ஆபீஸ்ல நானே போயி எழுதிக் குடுத்துட்டு, என் லாட்ஜைப் பூட்டிட்டுத்தான் அன்னைக்கு உங்களைப் பாக்க வந்தேன்."