பாதியில் நின்ற குரல்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் அந்த ஆளின் குரலை அழித்துவிட வேண்டும். அவள் ஒலித் திருகியை முணுமுணுப்பளவுக்குக் குறைத்துவிட்டு, எடுக்காத அழைப்புகளைப் பதிந்துவைக்கப் போனோடு இருந்த கருவியின்மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டாள். மொட்டைமாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"போன வாரம் சந்திச்சோமே, நான்தான் பேசறேன்" என்றது குரல். "பார்த்தப்பவே இவங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா தீவு வானிலை நிலையத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதாப் போயிடும்."

உள்ளே குளித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய ஒரே மகள். கிடைத்திருப்பது காற்றை அளக்கிற வேலை. அங்கே நின்றால் எதிர்க்கரையே தெரியாத தீவு, எப்போதோ வந்துபோகும் படகு. இங்கே இவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு சுவரோடு பேசிக் கிடக்கவேண்டியதுதான்.

"அப்புறம், நேர்ல வந்தப்போ கேட்டீங்களே" என்று குரல் தொடர்ந்தது. "அங்க குடுக்கிற வீட்ல அம்மாவையும் கூட வச்சுக்க முடி..."

தண்ணீர் சத்தம் நின்றது. அவள் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

கருவி ஒருமுறை கீச்சிட்டது. சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. மீதியை அவள் மனமே சொல்லி முடித்துக்கொண்டது. வேலைக்குப் போகிறவளுக்குத்தான் வீடு. கூட ஒட்டிக்கொண்டு வரும் கிழவிக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவள் கண் நேராக விளக்குக்குத்தான் போனது. "போன் அடிச்சுதாம்மா?"

"எனக்கென்ன தெரியும்? மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்."

"அடிச்சிருந்தா இது பிடிச்சு வச்சிருக்குமே." மகள் கருவியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "எல்லாம் உன் யோசனை. 'நாங்க வீட்லதான் இருக்கோம், போனை எடுக்கத்தான் முடியலை'ன்னு பேசி வச்சிருக்கோம். கூப்பிட்டவரு பயந்துபோய் வச்சிருப்பாரு."

"பின்னே, வீட்ல ஆள் இல்லேன்னு திருடனுக்குத் தகவல் சொல்லச் சொல்றியா?"

எப்போதும் இந்த இடத்தில் இருவரும் சிரிப்பார்கள். இன்றைக்கு மகள் ரிசீவரை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். "நானே கூப்பிட்டுக் கேட்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாகவே. "இவ என்னடா இப்படி அலையறான்னு நினைப்பாங்க. வேணும்னா அவங்களே கூப்பிடட்டும்."

மகள் ரிசீவரை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சரியாகத் துவட்டாத முடியிலிருந்து நீர் சொட்டி முதுகு நனைந்துகொண்டிருந்தது. தாய் தையல் மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடியும் கோணியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சின்ன முள் ஐந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது; பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"கிடைக்கலைன்னா என்னம்மா?" என்றாள் மகள். "நீ துணியை அளந்து வெட்டு, நான் ஊசியில நூல் கோத்துக் குடுக்கறேன். காத்தை வேற யாராவது அளந்துக்கட்டும்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஈரவிரலை நீட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம்.

மெஷின் சக்கரம் நின்றது. "கூப்பிட்டாங்கடி" என்றாள் அவள். "வேலை உனக்குத்தான். நான்தான் அழிச்சேன். அஞ்சு மணிக்குள்ள பேசணுமாம். எடு போனை!"

மகள் அசையவில்லை. கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"உன்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"என் பேச்சு இப்ப எதுக்கு? நேரமாகுதுடி!"

"சொல்லும்மா. அம்மாவையும் கூட வச்சுக்கலாமான்னு கேட்டிருந்தேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "முடியாதுன்னுட்டாரு. அதனால என்ன? நீ போ. எனக்குப் பேச்சுத் துணைக்கு நாலு சுவர் இருக்கு."

மகள் எண்களை அழுத்தினாள். ஈரக் கையிலிருந்து ரிசீவர் நழுவி மேசைக்குக் கீழே தொங்கி ஆடியது. அதை எடுக்காமல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, முணுமுணுப்பில் கிடந்த ஒலித் திருகியை ஏற்றினாள். மறுமுனையில் அதே குரல் வந்தது.

"சார், உங்க தகவல் கிடைச்சுது, ரொம்ப நன்றி" என்றாள் மகள். "ஆனா அம்மாவைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. நீங்க வேற ஆளைப் பார்த்துக்கங்க."

"ஐயா, அவ பேச்சைக் கேட்காதீங்க!" அவள் மடியிலிருந்த துணியெல்லாம் தரையில் சரிய எழுந்து ஓடிவந்தாள். "அவ வருவா! ஏதோ கிறுக்குத்தனமா உளர்றா. நான் இங்கேயே இருந்துக்கறேன், அவளை எடுத்துக்கங்க!"

மறுமுனையில் அந்த ஆள் ஒன்றும் புரியாமல் கேட்டார்:

"அம்மாவையும் வச்சுக்க முடியும்னுதானே சொன்னேன்?"