ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை

டுவேனின் வாயில் ஒட்டிய டேப்பை லோரெய்ன் கட்டைவிரலால் இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். "சத்தம் வந்துது, அடுத்து கையையும் சேர்த்துக் கட்டிடுவேன், பாத்துக்கோ" என்றாள். சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் டுவேன் பரிதாபமாகத் தலையாட்டினார்.

கட்டிய மனைவி இப்படிச் செய்யலாமா என்று பதற வேண்டாம். டேப்பை வாங்கிவந்ததே டுவேன்தான். மில்வாக்கியில் வருஷாவருஷம் நடக்கும் பலகை விளையாட்டுத் திருவிழாவில் அன்று அவர் உருவாக்கிய 'சீஸ் சாம்ராஜ்ய'த்துக்குப் பரீட்சை. முன்பின் தெரியாத நாலு பேர், யார் துணையும் இல்லாமல், விதிப்புத்தகத்தைத் தாங்களே படித்து ஆடிப் பார்க்க வேண்டும்.

டுவேன் சாமானியப்பட்டவர் இல்லை. 'விளையாட்டு உருவாக்க விரும்புவோருக்கு நூறு அறிவுரைகள்' என்று இணையத்தில் எழுதி, பதினோராயிரம் சீடர்களைச் சேர்த்துவைத்திருப்பவர். அவருடைய விளையாட்டு மட்டும் ஒன்றுகூட இதுவரை கடைக்கு வந்ததில்லை. ஊருக்கு உபதேசம் என்றால் அப்படி ஒரு உபதேசம்!

பதினேழாவது அறிவுரை இது: 'அடுத்தவர் ஆடும்போது வாயைத் திறக்காதே. வாங்குகிறவர் வீட்டுக்குப் பெட்டிக்குள் உட்கார்ந்து நீயும் போகப்போவதில்லை.' எழுதிய மகானுபாவர் போன வருஷம் அறுபத்தோரு தடவை வாய் திறந்தார். அதட்டியதும் புருவத்தாலேயே விடை சொன்னார். அதனால்தான் இந்த வருஷம் டேப்பும் சுவரும்.

பதிப்பாளர் பெவர்லி ஸ்டாடக் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "அஞ்சு வருஷமா என் உயிரை எடுக்கறே டுவேன். நாலு பேரும் ஒரு மணி நேரம் எந்திரிக்காம உட்கார்ந்தா இன்னிக்கே ஒப்பந்தம். ஒருத்தர் எந்திரிச்சாலும் இனிமே என் கண்ணுலயே படாதே!"

லோரெய்னும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தாள். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா திங்கட்கிழமை என் தம்பி கடைக்குக் கம்பளம் அளக்கப் போறே. அவ்வளவுதான்." மைத்துனனிடம் கைகட்டி நிற்பதைவிட வாயைக் கட்டிக்கொள்வதே மேல் என்று டுவேன் முடிவுசெய்திருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் மேஜையில் பச்சை வெல்வெட் விரித்து, பெட்டியும் விதிப்புத்தகமும் வைத்தாயிற்று. லாரி ஓட்டும் ரோண்டாவும் அவளுடைய மூன்று சிநேகிதர்களும் வந்து உட்கார்ந்தார்கள். லோரெய்னும் பெவர்லியும் காபிக் கடைப் பக்கம் ஒதுங்கினார்கள்.

முதல் பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. டுவேனுக்கு வியர்த்து ஊற்றியது. அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பசு செத்தப்புறமும் ரெண்டு சுத்து பால் கறக்கலாமாம்டா!" என்று ஒருவன் கூவினான். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்த பசு! டுவேன் ரெண்டு வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த பசுவாயிற்றே அது.

"இந்தப் பக்கம் எனக்குடா!"

"போடா, போன பக்கத்தையும் நீதானே எடுத்தே? இது என்னுது!" என்று ரோண்டா அவன் மேல் பாய்ந்தாள்.

பலகையில் பக்கம் பிடிக்க இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று டுவேனுக்குப் புல்லரித்தது. பகடை உருளும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. வெல்வெட் விரிக்க வேண்டும் என்று தோன்றியதே, அது என் மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுதுடா" என்றது ஒரு குரல்.

"அடக்கிக்கோ! இப்பத்தான் சூடு பிடிக்குது."

அடுத்த வரிசையில் கப்பற்கொள்ளையர் விளையாட்டை வைத்திருந்த கோர்டி நொந்துபோய் வந்து டுவேனின் காதில் முணுமுணுத்தான். "உனக்கு எங்கேயோ மச்சம்யா. இங்க சிரிப்பு அந்த மூலை வரைக்கும் கேக்குது. என் மேஜையில ஈ கூட உட்காரலை." டுவேன் பெரிய மனதோடு அவன் தோளைத் தட்டினார். நூற்றியோராவது அறிவுரை மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது: 'என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்.'

ஒரு மணி நேரம் ஆனது. லோரெய்ன் ஓடிவந்து டேப்பைச் சரக்கென்று பிடுங்கினாள். பாதி மீசை அதோடு வந்துவிட்டது. டுவேன் கண்ணில் தண்ணீர். "அங்க வரைக்கும் கேட்டுது டுவேன்! உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்" என்று அவளும் அழுதாள்.

பின்னாலேயே பெவர்லி ஒப்பந்தத்தோடு வந்து பேனாவை டுவேனின் கையில் திணித்தாள். "ஒருத்தர்கூட எந்திரிக்கலையே! இருபது வருஷத்துல இப்படி ஒரு மேஜையை நான் பாத்ததில்லை." அங்கிருந்தே ரோண்டாவிடம் குரல் கொடுத்தாள். "ஆட்டத்துல எது ரொம்பப் பிடிச்சுதும்மா?"

ரோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இந்த மாதிரி சிரிப்புப் புத்தகம் நான் படிச்சதே இல்லீங்க! ஆளுக்கொரு பக்கமா முறை வச்சு வாசிக்கறோம். இன்னும் பாதி இருக்கு."

"அப்ப ஆட்டம்?"

"ஆட்டமா? பெட்டியையே இன்னும் திறக்கலையே!"