முழுக்கை வைத்த கவுன்

"இந்த மூணுல ஒண்ணு. நிதானமாப் பாத்துச் சொல்லும்மா" என்று நர்ஸம்மா மேசைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்.

நிதானத்துக்கு அவள் எங்கே போவாள்?

மடியில் நாலு வயது மகள். விடிந்ததும் இழுப்பு வந்து, வீட்டு மருந்துக்கு அடங்காமல், தூக்கிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு மணி நேரம் மருந்துப் புகை வைத்த பிறகுதான் மூச்சு ஒரு வழிக்கு வந்திருந்தது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை.

டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கைமீறிப் போய்விடலாம்.



முதல் சாமான் உள்ளங்கையில் அடங்குகிற வட்ட டப்பா. உள்ளே பொடி மருந்து. வாயில் வைத்து ஒரே மூச்சில் பலமாக உறிஞ்ச வேண்டும். இந்த வயதுக்கு அது வராது என்று நர்ஸம்மாவே அதை ஓரம் தள்ளினார்.

இரண்டாவது மிஷின். கரண்டில் ஓடி, மருந்தைப் புகையாக்கித் தரும். காலையில் உயிரைப் பிடித்து நிறுத்தியது அதுதான். அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

மூன்றாவது பம்ப். கூடவே தடித்த பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். அதேதான் வீட்டிலும் இரண்டு மாதமாக இருக்கிறது. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், பம்ப் இவளுக்கு ஒத்துக்கல. மிஷினே எழுதிக் குடுத்துடுங்க. ஒரு வேளைகூடத் தவறல, சத்தியமா."

சத்தியம்தான். காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு அவளேதான் கொடுப்பாள். கணவன் கையில் விடமாட்டாள். முதல் வாரத்தில் அவன் கொடுத்த லட்சணத்தைப் பார்த்திருக்கிறாள். மாஸ்க்கை யானைத் தும்பிக்கை என்பான், கதை விடுவான். பிள்ளை பாட்டுக்குக் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டு, பூனை மாதிரி மெதுவாக மூச்சு விடும்.

அப்படி விட்டால் மருந்து எந்தக் காலத்தில் நெஞ்சுக்குள் போய்ச் சேருவது?

மூச்சைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறந்தபோது மகள் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தவளைத் தலைகீழாகப் பிடித்து, ஓங்கி ஒன்று வைத்தார்கள். வீல் என்று கத்தினாள். மூச்சு வந்தது. அந்தச் சத்தத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் மகளுக்கு வாலு என்று பெயர். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. இந்த இரண்டு மாதமாகத்தான் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தது. நோய் படுத்துகிற பாடு என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அறை புழுங்கியது. பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. அவள் தையல் கடையில் வேலை பார்ப்பவள். மகளின் கவுன் ஒன்று விடாமல் பிரித்து முழுக்கை வைத்துத் தைத்திருந்தாள். கேட்டவர்களிடம், குளிர்காற்று படக் கூடாது என்றாள். நர்ஸம்மா அந்தக் கையை மடித்துவிடப் போனபோது, மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மிஷின் வாங்கினாலும் இதே கதைதாம்மா. குடுக்கற விதத்துலதான் இருக்கு" என்றார் நர்ஸம்மா, பம்பைக் குலுக்கிக்கொண்டே. "அழுறப்ப மட்டும் வைக்காத. அழுற பிள்ளைக்கு மருந்து வாயோட நின்னுடும், நெஞ்சுக்குப் போகாது. கதை கிதை சொல்லி, சும்மா மூச்சு விட வச்சுக் குடுத்தாலே போதும்."

மிகச் சாதாரணமாகச் சொன்னார். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பேச்சு.

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

ஐம்பது நாளுக்கு மேல். நாளுக்கு இரண்டு வேளை. அத்தனையும் வாயோடு நின்றுபோயிற்றா? நெஞ்சுக்குள் ஒன்றுமே போகவில்லையா? அப்படியானால் இந்த மூன்று முறையும் பிள்ளை மூச்சுக்குத் தவித்தது யாரால்?

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"எங்க, வீட்டுல குடுக்கற மாதிரியே ஒரு தரம் குடுத்துக் காட்டு" என்று நர்ஸம்மா மாஸ்க்கைப் பொருத்தி நீட்டினார். "இன்னிக்கு இதுல மருந்து இல்ல, பயப்படாத."

வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கினாள். மகளிடம் ஏதாவது கதை சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள், அம்மா கையில் மாஸ்க்கைப் பார்த்த மகள் மடியிலிருந்து இறங்கி நேராக நின்றாள். அழவில்லை. சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை.

தன் மணிக்கட்டுப் பட்டனைத் தானே ஒவ்வொரு விரலாக முயன்று கழற்றினாள். முழுக்கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றினாள். முழங்கைக்கு மேலே கிள்ளிய தடங்கள். பழசு மஞ்சளாகவும் புதுசு நீலமாகவும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை அம்மாவிடம் நீட்டினாள்.

"காலையில அந்தக் கைம்மா. இப்ப இது."