கேந்துபாடிக்குப் போகாத புறா

"எவன்யா துப்பு கொடுக்கிறது?"

இன்ஸ்பெக்டர் பட்டநாயக் மேஜையில் அடித்த அடியில் டீ கொட்டியது. ஸ்டேஷனில் ஆளாளுக்கு ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. கோராபுட் மலையில் எந்த அவுட்போஸ்ட்டுக்குத் திடீர் சோதனை போனாலும், ஒரு பயல் லுங்கியோடு சிக்குவதில்லை. பூட்ஸில் முகம் பார்த்துத் தலை வாரலாம். போன மாதம் ஓரிடத்தில் ஆட்டைக்கூடக் குளிப்பாட்டிக் கட்டியிருந்தார்கள்.

மலைக்கு டெலிபோன் கிடையாது. ஜீப்புக்கே நாலு மணி நேரம். சேதி அனுப்பப் பாக்கி இருப்பது ஸ்டேஷன் புறாக்கூண்டுதான்.

அதற்குப் பொறுப்பு கான்ஸ்டபிள் துர்யோதன் நாயக். ஒவ்வொரு அவுட்போஸ்ட் புறாவையும் ஜீப்பில் கொண்டுவந்து இங்கே கூடையில் அடைத்து வைத்திருப்பார். அவசரமென்றால் காலில் சீட்டைக் கட்டித் திறந்துவிட வேண்டியதுதான். அது தன் வீட்டைப் பார்க்கப் பறந்துவிடும்.

இந்தத் தடவை பட்டநாயக் ஸ்டேஷனில் மூச்சுவிடவில்லை. வீட்டில் மட்டும், "காலையில கேந்துபாடி போறேன், ரொட்டி கட்டிக் கொடு" என்றார்.

காலையில் எல்லோரும் பார்க்க ஜீப்பைக் கிளப்பினார். முதல் வளைவில் நிறுத்தினார். நடந்தே திரும்பி வந்து கூண்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். ஒரு புறா அவர் தொப்பியில் எச்சமிட்டது. சட்டத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் துர்யோதன் வந்தார். கேந்துபாடிப் புறாவை எடுத்து, காலில் சின்னக் குழாயைக் கட்டினார்.

"வசமா மாட்டினியா?"

துர்யோதன் திடுக்கிட்டுப் புறாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நானேதான் ஐயா."

"நான் கேந்துபாடி போறது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ஜோசியம்தான் ஐயா."

"நீ ரிட்டயராக ஆறு மாசம் இருக்கு. பேரைச் சொல்லு, விட்டுடறேன். இல்லேன்னா சஸ்பெண்ட், பென்ஷனும் அம்போ."

துர்யோதன் புறாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சஸ்பெண்டே பண்ணிடுங்க ஐயா. அதைப் படிக்க மட்டும் வேண்டாம்."

"ஓஹோ, அவ்வளவு விசுவாசமா?"

பட்டநாயக் குழாயைப் பிடுங்கிச் சீட்டை விரித்தார். பதினெட்டு வருஷமாக மளிகைப் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து.

'தம்பிகளா, அவர் இன்னிக்கு அங்கே வர்றார். கத்தினா நெஞ்சு வலி வந்துடுது, கத்தவே விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எப்பவும் போல எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருங்க. குழம்புல உப்பைக் குறைச்சுப் போடுங்க. இதை நான் எழுதினேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அதுக்கும் கத்துவார்.'